மூன்றாவது கல்

எங்கள் தெருமுனைக் குளத்தில் நான் கடைசியாகத் தண்ணீரைப் பார்த்தது வேலையில் சேர்ந்த வருஷம். நன்னிலம், பாபநாசம் என்று சுற்றி, ஓய்வு பெற்றுத் திரும்பியபோது அது குப்பைமேடு. மழை பெய்தால் கோழிக்கழிவு ஊறி, கரைமேல் இருக்கும் வீடுகளின் அடிபம்பில் வரும்.

கரையில் இட்லிக்கடை வைத்திருந்த அம்மாள்தான் முதலில் மண்வெட்டியோடு இறங்கினார். ஞாயிறுதோறும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பக்கம் அள்ளுவார். மறுபக்கம் லாரி கொட்டும்.

ஒருநாள் என்னிடம் வந்தார். "சார், நீங்க தாலுகா ஆபீஸ்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினவராமே. எங்க குப்பைக்கும் ஒரு மனு எழுதிக் கொடுங்க."

"குப்பையை அள்ளுங்கன்னு எழுதினா மூலையில போட்டுடுவாங்கம்மா. குளத்தை அளந்து எல்லை காட்டச் சொல்லணும். அதுதான் முறை."

"அளந்தா குப்பை போயிடுமா?"

"அளக்காம எதுவும் போகாது."

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். நினைவூட்டல், மேல்முறையீடு என்று என் வித்தை முழுவதையும் காட்டியபின் சர்வேயர் வந்தார். பெண்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். முதல் எல்லைக்கல் குப்பைக்குள் நின்றது. இரண்டாவது சாலையோரம். மூன்றாவது, அந்த அம்மாளின் சமையலறையில், கிரைண்டருக்குப் பக்கத்தில்.

கரைவீடுகள் மொத்தமும் குளத்துக்குள் இருந்தன. குளத்தின் பழைய சர்வே வரைபடத்தை மனுவோடு இணைத்தவன் நான். அதில் வீடுகள் இல்லை; கோடுகள்தான் இருந்தன. சர்வீஸ் முழுக்க நான் பார்த்ததும் கோடுகளைத்தான்.

அடுத்த வாரம் கதவுக்குக் கதவு நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த அம்மாள் தன்னுடையதைக் கிழிக்காமல் உரித்து எடுத்து வந்தார்.

"இதுல எம் பேரு எதுக்கு சார் ரெண்டு எடத்துல இருக்கு?"

ஆக்கிரமிப்பாளர் என்று ஒரு முறை. 'பார்வை: ஒன்று' என்ற இடத்தில், மனுதாரர் என்று ஒரு முறை. படித்துச் சொன்னேன்.

"அப்ப எங்க வீட்டை இடிக்கச் சொல்லி நானே கேட்டிருக்கேன்."

நோட்டீஸை மடித்து அவரிடம் நீட்டினேன்.

"சரி, இதுக்கும் ஒரு மனு இருக்குமே சார்?"

இருக்கிறது. ஆட்சேபணை, மேல்முறையீடு, கருணை மனு. எதற்கு என்ன பதில் வரும் என்பதும் தெரியும். அந்தப் பதில்களை எழுதிப் பழகிய கை இது. ஆனாலும் தாளை எடுத்து, 'பொருள்' என்று எழுதினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே லாரி பின்பக்கமாக வந்து, கொட்டிவிட்டுப் போனது. அதற்கு யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை.