அட்டவணையில் இல்லாத புயல்

செம்பூரிலிருந்து சயான் பக்கமாக வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். மத்தியான வெயில். கடைகளின் நிழல் விழுந்த ஓரத்தையே கால் தேடித் தேடிப் போயிற்று. என் செருப்பு, வேலை பார்த்த அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், டெஸ்ட் மேடத்தின் மேஜைக்கு அடியில் கிடந்தது. அதை எடுக்க விடவில்லை. காவலாளி என் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டு லிஃப்டைக் காட்டிவிட்டார். வேலை போவது எனக்குப் புதிதில்லை. செருப்பில்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

அந்த அலுவலகத்துக்கு நான் கேபிள் இழுக்கும் கூலியாகப் போனவன். கடலுக்குள் எங்கோ இருக்கிற சில குட்டித் தேசங்கள், தனித்தனியாகச் செய்துகொள்ள வசதியில்லாமல், எல்லாருக்குமாக ஒரே கணினி ஏற்பாட்டைச் செய்யக் கொடுத்திருந்தன. பிறப்பு, இறப்பு, படகு உரிமம், முதியோர் உதவி என்று எந்தத் தீவில் எழுதினாலும் எல்லாத் தீவிலும் தெரிய வேண்டும். அங்கே புயலடித்தால் இணைப்பு அறுந்துவிடுமாம். அறுந்தாலும் எழுதியது அந்தத் தீவிலேயே பத்திரமாக இருந்து, இணைப்பு வந்ததும் மற்ற தீவுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். இதைச் சரிபார்க்க ஒரு கூடத்தில் நான்கு மேஜைகள், நான்கு தீவுகள். நிஜப் பெயர்கள் வாயில் நுழையாததால் பையன்கள் ரயில் நிலையங்களின் பெயரை வைத்துவிட்டார்கள். விக்ரோலியில் குழந்தை பிறக்கும். குர்லாவில் படகு வாங்குவார்கள். கேபிள் போட்டு முடித்தபின் என்னை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அட்டவணையில் போட்டிருக்கும் நேரத்துக்குச் சுவரிலிருந்து நீலக் கேபிளைப் பிடுங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் உள்ளே வந்தாலே “தூஃபான் ஆ கயா ரே!” என்று கத்துவார்கள். நான்தான் அவர்களுக்குப் புயல்.

இந்தச் சோதனைகளை நடத்திய டெஸ்ட் மேடம் மாட்டுங்காக்காரர். நாற்பது வயதிருக்கும். ஒப்பந்தத்தில் வேலை பார்த்தார். இது நல்லபடியாகத் தீவுகளின் கைக்குப் போனால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து, வயதில் சின்னவனான என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். கேலியா மரியாதையா என்று நான் யோசித்ததில்லை. எத்தனை முறை பிடுங்கினாலும் ஒரு பதிவுகூடத் தொலையவில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். மேடம் மட்டும் ஒருநாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கணினிகளை விட்டுவிட்டுப் பையன்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடையில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே நான்கு கைகளும் டீக் கோப்பையை வைத்துவிட்டு, பதிவு செய்யும் பொத்தானை அழுத்தின. அதற்கப்புறம்தான் நான் பிடுங்கினேன்.

“அங்கேயும் புயல் செருப்பு மாட்டிண்டு, நாலு மணி டீக்கப்புறம்தான் வருமா அண்ணாச்சி?” என்றார். பையன்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. “நாளைக்குச் செருப்பைக் கழட்டி என் மேஜைக்குக் கீழே போடுங்கோ. எப்போ பிடுங்கப் போறேள்னு எங்கிட்டயும் சொல்லாதீங்கோ.”

மறுநாள் பதினொரு மணி சுமாருக்கு, விக்ரோலிப் பையன் பொத்தானை அழுத்திய அதே நேரத்தில் பிடுங்கினேன். பதிவாகிவிட்டது என்று திரையில் பச்சை டிக் விழுந்தது. கேபிளைத் திரும்பச் சொருகினோம். அந்தக் குழந்தை குர்லாவிலும் இல்லை, விக்ரோலியிலேயும் இல்லை. மூன்று தடவை பிடுங்கினேன். மூன்று குழந்தைகளைக் காணவில்லை. மேனேஜர் வந்தார். அட்டவணையில் இல்லாத புயலைக் கணக்கில் எடுக்க முடியாது, கூலிக்காரன் கேட்காமல் கேபிளைப் பிடுங்கிவிட்டான் என்று எழுதிக்கொள்ளலாம் என்றார். “நான் சொல்லித்தான் பிடுங்கினார்” என்று மேடம் சொன்னது, என்னை வெளியே கூட்டிப்போகும்போது காதில் விழுந்தது.

ஐந்தரை மணிக்கு கிங்ஸ் சர்க்கிளில், நான் வழக்கமாகச் சாப்பிடும், மேடத்துக்கும் தெரிந்த கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மேடம் வந்தார். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவர். கவரில் என் செருப்பு.

“தீவுக்காராளுக்கு மெயில் அனுப்பிச்சாச்சு. பச்சை டிக் வந்தது, பதிவு வரலைன்னு எழுதிட்டேன். நாளைலேர்ந்து என்னையும் வர வேண்டாம்னுட்டா.”

“அனுப்பாம இருந்திருக்கலாம்லா மேடம்?”

“ஒருத்தி பிள்ளையைப் பெத்து எழுதிட்டு, அந்த டிக்கைப் பார்த்துட்டுப் படகேறிப் போயிடுவா. ஸ்கூல்ல சேர்க்க வரச்சே, அப்படி ஒரு பிள்ளையே இல்லைம்பான். அவ யார்கிட்டப் போய்க் கேப்பா?”

ஊரிலிருந்து தாராவிக்கு வந்தபோது என் பிறப்புச் சான்றிதழ் வழியில் எங்கோ தொலைந்துபோயிற்று. தயவில் ஏழாவது வரை உட்காரவிட்டார்கள். எட்டாவதில் காகிதம் கேட்டார்கள். இதை அவரிடம் நான் சொன்னதேயில்லை. “செருப்புக்கு வார் மாத்தணும், பார்த்துக்கோங்கோ” என்று சொல்லிவிட்டு அவர் தெருவைக் கடந்து போனார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. தீவுகளிலிருந்து பதில் வந்ததா என்றும் தெரியாது.

அதன்பின் எத்தனையோ வேலை, எத்தனையோ ஊர். அந்தச் செருப்பும் தேய்ந்து போயிற்று. இப்போதும் ஏதாவது அலுவலகத்தில் “ஹோ கயா”, முடிந்தது என்று திரையைத் திருப்பிப் பச்சை டிக்கைக் காட்டினால், நான் உடனே நகர்வதில்லை. இன்னொரு தடவை திறந்து காட்டச் சொல்வேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

செருப்பு கைக்கு வந்த அந்த நாளுக்கு மறுநாள் காலையிலேயே வேலை கிடைத்துவிட்டது. மாட்டுங்காவில் ஒரு கோயில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரே எண் போட்ட இரண்டு தகர வில்லைகள்; ஒன்றைச் செருப்பில் மாட்டிவிட்டு மற்றதை ஆளிடம் கொடுக்க வேண்டும். திரும்பி வரும்போது செருப்பு இருக்க வேண்டும். “தொலைஞ்சா உன் தலைல” என்றார் வேலை கொடுத்தவர். செருப்பு வைக்கும் இடத்துக்குள் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டுமாம். முதல் எண்ணை என் செருப்புக்கே மாட்டினேன். ஜோடி வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த ஆளுக்குக் கையை நீட்டினேன்.