தம்பி ஊதிய பை

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஏப்பம்' என்றால்தான் தெரியும். லிஃப்ட் கீழே வருவதற்கு முன்பே, அதன் தலைமேல் உட்கார்ந்து வேலை பார்க்கிற இவனுடைய ஏப்பம் வந்து சேர்ந்துவிடும் என்று கிண்டல் செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. இரும்பு வடத்தில் ஒரு பிசிறு தெரிந்தாலும் லிஃப்டை நிறுத்திப் பலகை மாட்டிவிடுவான். மேல்மாடிக்காரர் வந்து காச்சுமூச்சென்று கத்தினால், "படியில போங்க சார், உடம்புக்கு நல்லது" என்பான். தன் உடம்பு என்று வந்தால் மட்டும் காது கேட்காது. காலையில் பல் தேய்க்கிறானோ இல்லையோ, கேஸ் மாத்திரை ஒன்று உள்ளே போய்விடும். நெஞ்செரிச்சல் அடங்கினால் போதும் அவனுக்கு.

எங்கள் அப்பா இரைப்பைப் புற்றுநோயில் போனார். தலையெழுத்து என்றார்கள், நம்பினோம். பிறகு அண்ணனும் அதே நோயில் போனான். அண்ணனைப் பார்த்த டாக்டர் என்னையும் தம்பியையும் உட்கார வைத்துச் சொன்னார்: இரைப்பையில் ஒரு கிருமி வருடக்கணக்கில் குடியிருந்து புண்ணாக்கும், எல்லாருக்கும் அது புற்றில் போய் முடியாது, ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு பேர் போயிருக்கிறார்கள், நீங்கள் சும்மா இருக்கக் கூடாது. நான் உடனே போய் டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன். கிருமி இருந்தது. இரண்டு வாரம் கை நிறைய மாத்திரை, வாயெல்லாம் இரும்பைச் சப்பினாற்போல ஒரு கசப்பு. விடாமல் முடித்து மறுபடி பார்த்தேன், போயிருந்தது.

தம்பியோ, "அடுத்த வாரம் போறேன்க்கா" என்றே காலத்தை ஓட்டினான். போனில் கேட்டேன், நேரில் கேட்டேன், அவன் மனைவியை விட்டும் கேட்டேன். என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கடைசியில் நானே ஆஸ்பத்திரியில் நாள் வாங்கி, அவனைக் கூட்டிப்போனேன். ஒரு பையில் ஊதச் சொன்னார்கள், எதையோ குடிக்கக் கொடுத்தார்கள், மறுபடி ஊதச் சொன்னார்கள்; கிருமி இருந்தால் மூச்சிலேயே தெரிந்துவிடுமாம். கிருமி இல்லை என்று முடிவு வந்தது.

"பாத்தியா? சும்மா என் உயிரை வாங்கின" என்று சிரித்தான். எனக்கு அசடு வழிந்தது. ஆனாலும் அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள்: "டெஸ்ட் அன்னிக்குக் காலையிலகூட கேஸ் மாத்திரை போட்டுட்டுதான் அண்ணி கிளம்பினாரு."

எனக்குப் பகீரென்றது. டெஸ்டுக்கு முன்னால் இரண்டு வாரம் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது, தொட்டால் கிருமி இருந்தாலும் இல்லையென்று காட்டிவிடும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

தம்பி டிவி பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன்டா, மறந்துட்டியா?" என்றேன். மறந்திருக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"மறக்கல."

"அப்புறம்?"

"போட்டா இல்லைன்னு வரும்னு அவங்கதானே சொன்னாங்க. அதான் போட்டேன்." டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்லைன்னு வந்துட்டா நீ என்னை விட்டுடுவேன்னு நினைச்சேன்."

ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. "வடம் பிசிறடிச்ச லிஃப்டை இப்படி நல்லா இருக்குன்னு சொல்லி ஓட விடுவியாடா?"

"வடத்தை மாத்திடலாம்க்கா. வயித்தை மாத்த முடியுமா? அண்ணன் டெஸ்டுக்குப் போற வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்?"

"நல்லா எங்கடா இருந்தான்? உன்னை மாதிரியே மாத்திரையைப் போட்டுக்கிட்டு, நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டு இருந்தான்."