கண்ணில் ஊர்ந்த நூல்

ஜெய்ப்பூருக்கு ஆபீஸ் டூர் போன மாமா, ஒரு மாதம் கழித்து எங்கள் டெல்லி ஆர்.கே.புரம் வீட்டுக்குத் திரும்பியபோது பழுப்பு நிற நாய் ஒன்றும் கூடவே வந்தது. மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். ஜெய்ப்பூர் தெருவில் பாவமாகக் கிடந்ததாம்.

"ஏல, ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ்ல மனுசனுக்கே இடமில்ல. இதுல ராஜஸ்தான் மாப்பிள்ள வேறயா?" என்றாள் அம்மா. மாமா சிரிக்கவில்லை.

அந்த நாயிடம் என்னவோ சரியில்லை. பிளாக் பிள்ளைகள் "பைட் ஜா, பைட் ஜா" என்று இந்தியில் உட்காரச் சொல்லி எவ்வளவு கத்தினாலும் கல் மாதிரி நிற்கும். ஒரு மத்தியானம் அடுப்படி வாசலில் வந்து நின்றதைப் பார்த்து, அம்மா தன் போக்கில் "போய்ப் படு" என்றாள். அது போய்ப் படுத்தது. அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கொஞ்ச நாளில் அதன் வலது கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். விழியின் வெள்ளையில், மெல்லிய தோலுக்கு அடியில், ஒரு நூல் கிடந்தது. நான் பார்க்கப் பார்க்க அது நெளிந்தது. கருவிழியின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு இமைக்குள் போய் மறைந்தது. நாய் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரிடமும் வாய் திறக்காத பெண் நான். அன்று அலறினேன்.

மாமா அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அம்மாவும் நானும் பின்னாலேயே போனோம். மிருக டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "தேக்கோ பேட்டா" என்று என்னையும் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமான அணுக்களை முட்டித் தள்ளிக்கொண்டு ஏதேதோ துடித்துக்கொண்டிருந்தன. கொசுக்கடியால் வரும் புழுவின் குஞ்சுகளாம். கண்ணில் இருப்பதை எடுத்துவிட்டால் பயமில்லை என்றார். ஆனால் இந்த வகைப் புழுவை இந்தப் பக்கத்து நாய்களிடம் அவர் பார்த்ததே இல்லை. தெற்கே படித்தபோது, கேரளத்தை ஒட்டிய கடலோர நாய்களிடம்தான் நிறையப் பார்த்தாராம். ரத்தத்தில் இப்படிப் பெருக மாதக்கணக்கில் ஆகும், இது அங்கே வளர்ந்த நாயா என்று கேட்டார்.

மாமா தரையைப் பார்த்தார்.

"அப்போ ஜெய்ப்பூருக்குப் போகலயா? நீ கொளச்சலுக்கால போயிருந்த?" அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"ஆமாக்கா."

"அவ வளத்த நாயா?"

"ஆமா."

"அவ எப்படில இருக்கா?"

மாமா நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "நான் போறதுக்குள்ள அடக்கம் எல்லாம் முடிஞ்சிருச்சுக்கா. இது மட்டும் வாசல்ல கிடந்துச்சு."

"நாங்க அன்னைக்கு ஒனக்கு அவளக் கட்ட வேண்டாம்னு சொல்லாம இருந்திருந்தா..."

"விடுக்கா."

டாக்டர் புழுவை எடுத்துவிட்டார். திரும்பும்போது ஆட்டோவில் அம்மா அந்த நாயைத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். சேலையெல்லாம் மருந்தும் எச்சிலும். அவள் அழுதுகொண்டே வந்தாள். நாய்க்காகத்தான் அழுகிறாள் என்று எண்ணி, "பிழைச்சிரும்னு டாக்டர் சொன்னாரும்மா" என்று அவள் காதில் மெதுவாகச் சொன்னேன்.

அதைக் கேட்டதும் அவள் அழுகை ஏன் கூடியது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.