ஸ்கேனில் தெரியட்டும், ஆண்டவரே!

சபையாரே, என் வீட்டில் கர்த்தர் செய்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

என் பெயர் எஸ்தர். சமயநல்லூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். ஒரு வருஷம் லெந்து என்னும் தவக்காலத்தில்தான் என் கணவருக்கு அந்த வியாதி ஆரம்பித்தது. சர்க்கரை நிறுத்துக்கொண்டிருப்பார். திடீரென்று கண் நிலைகுத்திவிடும், வாய் மட்டும் எதையோ மெல்லும். சர்க்கரை தட்டு நிரம்பித் தரையில் கொட்டும். தெளிந்ததும், "ஏன் எல்லாரும் என்னையவே பாக்குறீங்க?" என்பார்.

ஸ்கேன் எடுத்தோம். அதில் ஒன்றும் தெரியக் கூடாது என்று சபையே உபவாசம் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஸ்தோத்திரக் காணிக்கை போட்டோம். மறுநாளே கடையில் சர்க்கரை கொட்டியது.

மாத்திரையும் கேட்கவில்லை. பிசாசு என்றார்கள், நடிப்பு என்றார்கள். கொழுந்தனாரே, "மதினி, ஸ்கேன்லயே ஒண்ணுமில்லன்னுட்டாக. அண்ணன் வேலைக்குப் பயந்துதான் இப்படிப் பண்ணுது" என்றார். அது என் கணவர் காதில் விழுந்தது. "எஸ்தரு, எனக்குப் பைத்தியமா பிடிக்குது?" என்று கேட்டு அழுதார். நான் உடைந்துபோனேன்.

மதுரையில் ஒரு நரம்பு டாக்டர், "காந்த சக்தி கூடுன எம்.ஆர்.ஐ.ல பாத்துருவோம்மா. சாதா ஸ்கேன்ல தப்புனது அதுல தெரியலாம்" என்றார். இவரை உள்ளே கொண்டுபோனார்கள். மெஷின் தடதடவென்று அடிப்பது வெளியே கேட்டது. வராந்தாவிலேயே முழங்கால் போட்டேன். எந்தப் பெண்டாட்டியும் கேட்கத் துணியாத ஜெபம் அது. "ஆண்டவரே, அவர் தலைக்குள் என்ன இருக்கிறதோ, அது ஸ்கேனில் தெரியட்டும்!"

தெரிந்தது. மூளையில் ஒரு சின்னத் தழும்பு.

"இதுதாம்மா இந்த வலிப்புக்குக் காரணம். நடிப்புமில்ல, பைத்தியமுமில்ல. ஆபரேஷன் பண்ணிறலாம்" என்றார் டாக்டர். எதிரே இருந்த பூத்துக்கு ஓடிப் போதகருக்கு போன் போட்டேன்.

"ஐயா, இருக்கு! ஸ்கேன்ல இருக்கு!"

போதகர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இதுக்கு அல்லேலூயா சொல்லலாமாம்மா?"

"தாராளமா சொல்லுங்கய்யா!" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வியாதி வரவே இல்லை. முன்பெல்லாம் ஜெபத்தில் பதிலையும் நானே ஆண்டவருக்குச் சொல்லிக் கொடுப்பேன். இப்போது உள்ளதைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். உங்கள் வேதனையை யாராவது ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டிருந்தால், அதை அப்படியே அவரிடம் கொண்டுபோங்கள். அவருக்குத் தெரியும்.

இன்று கடையில் சர்க்கரை நிறுப்பது என் கணவர்தான். பக்கத்தில் நின்று பொட்டலம் மடிப்பது கொழுந்தனார். தரையில் ஒரு மணிகூடச் சிந்துவதில்லை. ஸ்தோத்திரம்.