தேர்ப் படங்களும் அக்காவின் கடிதமும்

ஹட்டனில் ஒரு கல்வி நிலையத்தின் மாடியில் எனக்கு வேலை. அங்குள்ள எல்லாக் கம்ப்யூட்டரையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அலமாரிக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு நிற்கும் மெயில் சர்வரை மட்டும் என் சொந்தச் சொத்து மாதிரி நினைத்திருந்தேன். அதை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் அக்கா கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வருபவர். இந்த வேலைக்கு வருமுன் பத்து வருஷம் கொழுந்து பறித்தவர். கணவர் இல்லை, ஒரே மகள். அந்தப் பெண் கொழும்பில் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது எந்த மெயில் முகவரியைக் கொடுப்பது என்று அக்கா கேட்டார். "ஆபிஸ் முகவரியையே குடுங்கக்கா. சர்வர் என் கையில இருக்கு" என்று மார்தட்டினேன். இடமும் கிடைத்தது. சம்மதக் கடிதத்தை அதே முகவரியிலிருந்து திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும், தவறினால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே அக்கா கடிதத்தை அனுப்பிவிட்டார். கிடைத்தது என்று உடனே ஒரு பதில் வர வேண்டும். ஒன்பதரை ஆகியும் வரவில்லை என்று என் மேசைக்கு வந்து நின்றார். நான் ஒன்றையும் பார்க்காமலே சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். அரை மணி நேரம் கழித்து, எரிச்சலில், இன்னொரு தடவையும் அதையே செய்தேன். மழையைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன், இன்டர்நெட் லைன் கொடுத்தவர்களைத் திட்டினேன். அக்கா கொழும்புக்குப் போன் போட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துல கத்துற தோட்டத்துக் கண்டாக்கு மாதிரியே இருக்க. ஆளு வந்துச்சா, எந்த மலையில நிக்குதுன்னு பாக்காமலே சத்தம் போடுவாரு. உள்ள யாரு என்ன செய்றாங்கன்னு மொதல்ல பாரேன்."

சுருக்கென்றது. அவர் சொன்னதில் தப்பில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் சுருக்கென்றது.

சர்வருக்குள் ஓடிக்கொண்டிருந்த புரோசஸ்களைத் திரையில் வரிசையாக எடுத்தேன். மெயிலை வெளியே அனுப்புவதற்கென்று பத்து புரோசஸ் வைத்திருந்தேன். பத்தும் உயிரோடு இருந்தன, பத்தும் வேலை செய்துகொண்டிருந்தன. எது எந்த மெயிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முதலாவது தேர்ப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டாவதும் தேர்ப் படங்கள். பத்துமே தேர்ப் படங்கள். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர் இருந்தது.

முதல் நாள்தான் நான் வளர்ந்த தோட்டத்தில் தேர்த் திருவிழா. தேர் ஒவ்வொரு லயத்துக்கும் வந்து நிற்கும், வீட்டுக்கு வீடு அர்ச்சனைத் தட்டு நீட்டுவார்கள். தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள் தங்கள் வீட்டு வாசலில் தேர் நிற்கும் படத்துக்காகக் காத்திருப்பார்கள். ஒரு லயம் விடுபட்டால் அடுத்த தேர் வரைக்கும் சண்டை. படத்தைச் சின்னதாக்கி அனுப்பினால், எங்கள் தட்டை மட்டும் வேணுமென்றே மங்கலாகப் போட்டுவிட்டான் என்பார்கள். அதனால் எல்லாப் படத்தையும் நான் எடுத்த அளவிலேயே, எல்லோருக்கும், திங்கட்கிழமை வேலைக்கு வந்த கையோடு அனுப்பியிருந்தேன். பெரிய படங்களை மெயிலில் அனுப்பாதீர்கள் என்று சுவரில் ஒட்டியிருந்ததும் என் கையெழுத்துதான். நான் சர்வரை நிறுத்தி ஓடவிட்ட இரண்டு தடவையும், பாதி தூரம் போயிருந்த படங்கள் முதலிலிருந்து புறப்பட்டிருந்தன. அக்காவின் கடிதம் அவற்றுக்குப் பின்னால் அப்படியே கிடந்தது.

"நான்தான் காரணம் அக்கா" என்று நடந்ததைச் சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது. திட்டு விழும் என்று குனிந்திருந்தேன். அக்கா திரையை எட்டிப் பார்த்து, "உங்க தோட்டத்துல இருக்கிற எங்க அண்ணன் வீட்டு லயம் இருக்கா அதுல?" என்றார்.

இருந்தது.

மணி பதினொன்று இருபது. எல்லாப் படத்தையும் அழித்துவிடுகிறேன் என்று கையை வைத்தேன்.

"ஏன் அழிக்கிற? பாவம், தோட்டத்தை விட்டுப் போனதுக பாத்துக்கிட்டு இருக்கும்ல. கொழுந்து நிறுக்கிற எடத்துல கைப்பிள்ளைக்காரிய முன்னுக்கு விட்டுட்டு மத்தவங்க நிப்போம். அதே மாதிரி என்னைய முன்னுக்கு விடு."

அந்த நிமிஷத்தில் அக்காவை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லி முடியாது. படங்களை வரிசையில் அப்படியே நிற்க வைத்தேன். ஓடிக்கொண்டிருந்த பத்தில் இரண்டை மட்டும் நிறுத்தினேன். காலியான ஒன்று கடிதத்தை எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் திரையைப் பார்த்தோம். கொழும்புச் சர்வரைத் தொட்டது, கடிதத்தைக் கொடுத்தது, முடிந்தது. கொஞ்ச நேரத்தில் கிடைத்தது என்ற பதிலும் வந்துவிட்டது. நான் கை தட்டினேன்.

அக்கா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அந்தப் பதிலை இரண்டு தடவை வாசித்தார்.

"தம்பி, இப்ப அதைத் திருப்பி எடுக்க முடியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்க்கா, ஏதும் தப்பா எழுதிட்டீங்களா?"

"இல்ல. எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன். இனி வீட்டுல நான் ஒருத்திதான்."

"போனது போனதுதான்க்கா. இனி எடுக்க முடியாது."

"நல்லது" என்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முடியும்னா எடுக்கச் சொல்லியிருப்பேன்."