ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த ஃபிரிட்ஜ்

எங்கள் கிளினிக்குக்கு வருகிற மாணவர்களில் பாதிப் பேருக்கு நோயே கிடையாது. தூக்கம் கிடையாது, காலைச் சாப்பாடு கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். நான் தரமாட்டேன். அதற்காக அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

திருமழிசை தாண்டி, பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது கிளினிக். பெரிய டாக்டருடையது. காலையில் அவர், மாலையில் நான். பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருப்பதால் அவர் தரச்சான்று வாங்கினார். ஆட்கள் வந்து பார்த்தார்கள். கைகழுவும் தொட்டி, பயன்படுத்திய ஊசி போடும் டப்பா, தீயணைக்கும் சிலிண்டர் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் போனார்கள். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் வரவேற்பறைக்கு வந்தது. நான் கிண்டல் செய்யவில்லை. அந்த விதிகள் நல்ல விதிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கேயோ ஒருவர் செத்திருப்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மதியமே கிளினிக்கில் பூஜை முடித்துவிட்டோம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்குச் சந்தனப் பொட்டு. எடை பார்க்கும் மெஷினுக்குப் பூ. ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாலை. தரச்சான்றிதழின் கண்ணாடிக்கும் குங்குமம். நான் பொரியும் சுண்டலும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் விடுமுறை. விஜயதசமி அன்று காலை பெரிய டாக்டர் வந்து திறந்தார். மாலையில் நான் போனேன்.

போனதும் தடுப்பூசி ஃபிரிட்ஜைத் திறப்பது என் வழக்கம். உள்ளே இருக்கும் வெப்பமானி அந்த நேரத்துச் சூட்டை மட்டும் காட்டாது. நாம் பொத்தானை அமுக்கி அழிக்கும்வரை, இடையில் எவ்வளவு ஏறியது என்பதையும் வைத்திருக்கும். தடுப்பூசி எட்டு டிகிரியைத் தாண்டக்கூடாது. அப்போது ஐந்து என்று காட்டியது. இடையில் இருபத்தொன்பது வரை போயிருந்தது.

நர்ஸைக் கூப்பிட்டேன். திருமழிசைக்காரி, என்னைவிட மூத்தவள். வேலையில் சுத்தம். ஊசி போட்டால் குழந்தைகூட அழாது.

"மின்சாரம் போச்சாக்கா?"

"இல்லியே டாக்டரம்மா. நான்தான் அணைச்சேன்."

"எப்போ?"

"பூசை அன்னிக்குத்தான். நல்லா தொடச்சி, பொட்டு வச்சி, ஓய்வு குடுத்தேன். வருசம் பூரா ஓடிக்கினே கீது, பாவம். எங்க ஊட்டுக்காரு கம்பெனில லேத்துக்கே லீவு வுடறாங்கோ. இன்னிக்குக் காலைல வந்து கற்பூரம் காட்டி நான்தான் போட்டேன்."

பெருமையாகச் சொன்னாள். பிளக்குக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'அணைக்கக்கூடாது' என்று நானே தமிழில் எழுதி ஒட்டியிருந்தேன். அதைக் காட்டினேன்.

"அது மத்த நாளுக்கு டாக்டரம்மா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, காது அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்தது. திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை அன்று ஓடுகிற மெஷினை நிறுத்தாவிட்டால்தான் தப்பு. அந்த ஊர்க்காரிக்கு இதில் என்ன சந்தேகம் வந்திருக்கும்? எழுதி ஒட்டிய எனக்கும் அந்த நாள் தனி நாள் என்று தோன்றவில்லை. சரி, அந்த யோசனை அப்புறம்.

"இன்னிக்கு இதுலேர்ந்து யாருக்காவது எடுத்தீங்களா?"

அவள் முகம் மாறியது. "அந்த நாய்க்கடி பையன்."

பல்கலைக்கழக கேன்டீன் வாசலில் மாணவர்கள் பிஸ்கட் போட்டு வளர்த்த நாய். கெண்டைக்காலில் பல் இறங்கி ரத்தம் வந்திருந்தது. முதல் ஊசியும் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் அரசு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மூன்றாம் நாள் ஊசிக்கு, பக்கத்தில் இருக்கிறதே என்று எங்களிடம் வந்திருக்கிறான். அந்த நாய் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது. வராமல் தடுக்க இந்த ஊசிகள்தான் உண்டு. அதில் ஒன்று, ஒன்றரை நாளுக்கு மேல் வெந்த ஃபிரிட்ஜிலிருந்து போயிருக்கிறது.

பெரிய டாக்டருக்குப் போன் செய்தேன்.

"அந்த மருந்து கொஞ்சம் சூட்டைத் தாங்கும்மா. ஒண்ணும் ஆகாது" என்றார்.

"ஆகாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா சார்?"

"நீ இப்போ கூப்பிட்டு அவனைப் பயமுறுத்தினா நாளைக்கு ஹாஸ்டல் பூரா பேசுவாங்க. அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். அடுத்த ஊசிக்கு வருவான் இல்ல, அப்போ ஜாக்கிரதையா பார்த்துக்கலாம்."

"அடுத்த ஊசி வரைக்கும் அவன்தானே சார் காத்திருக்கணும், நீங்களா?"

அவர் கெட்டவர் இல்லை. பணம் இல்லாத பிள்ளைகளுக்கு மருந்தைச் சும்மா கொடுப்பவர். ஆனால் சுவரில் மாட்டியது சுவரிலேயே இருந்தால் போதும் என்று நினைத்தார். "உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டார். எனக்கு அது போதும்.

பூந்தமல்லியில் எங்களுக்குத் தெரிந்த மருந்துக்கடையைக் கூப்பிட்டேன். பூஜைக்கு ஃபிரிட்ஜை அணைத்தீர்களா என்று முதலில் கேட்டேன். "ஊசி இருக்கிற ஃபிரிட்ஜை யாராச்சும் அணைப்பாங்களா டாக்டர்?" என்று சிரித்தார் கடைக்காரர். நான் சிரிக்கவில்லை. நர்ஸ் தானே ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

பையனைக் கூப்பிட்டபோது அவன் பஸ்ஸில் இருந்தான்.

"மாமா ஊட்டுக்கு காஞ்சிபுரம் போய்க்கினு கீறேன் டாக்டர். ஜன்னல் சீட்டு புடிச்சிட்டேன்."

"பஸ் எங்க வருது?"

"இப்பதான் பூந்தமல்லி தாண்டுது."

"நம்ம கிளினிக் ஸ்டாப்ல இறங்கு. காலையில போட்ட ஊசி சரியில்ல. திரும்பப் போடணும்."

"சரியில்லன்னா?"

"இறங்குடா. வந்து கேளு."

வந்தான். கூடவே ஒரு நண்பன், கையில் இனிப்பு டப்பாவோடு. நான் உட்காரவைத்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஃபிரிட்ஜ் அணைந்திருந்தது, தப்பு எங்களுடையது, மருந்து கெட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, தெரியாததால் திரும்பப் போடவேண்டும். பூஜையைப் பற்றிச் சொன்னபோது நண்பன் அடக்கமுடியாமல் சிரித்தான்.

"மாமே, ஃபிரிட்ஜுக்கே லீவாம்டா. நம்ம காலேஜ்ல விஜயதசமிக்கு ஆன்லைன் கிளாஸ் வைக்கிறானுங்கோ."

பையன் சிரிக்கவில்லை. "அப்ப காலைல போட்டது வெறும் தண்ணியா?"

"தெரியாதுன்னு சொன்னேனே."

"நீங்க பாக்கலைன்னா?"

அப்போது நர்ஸ் ஐஸ் டப்பாவோடு உள்ளே வந்தாள். அவனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யப்பா, என்மேலதான் தப்பு. நல்லதுன்னு நெனச்சி செஞ்சேன்பா" என்றாள்.

"வுடுங்க ஆயா" என்றான். ஆயா என்றது அவளுக்குச் சுருக்கென்றிருக்கும். அன்றைக்கு அதைச் சொல்லிச் சண்டை போட அவளுக்கு மனசு இல்லை. ஊசியை நானே போட்டேன். போடுமுன் மருந்துக் குப்பியை அவன் கையில் கொடுத்து, குளிர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பிறகு அவன் எதிரிலேயே ஃபிரிட்ஜில் மிச்சம் இருந்ததை எல்லாம் எடுத்து அழிக்கவேண்டிய பைக்குள் போட்டேன்.

"மீதி ஊசிய அரசு ஆஸ்பத்திரிலயே போட்டுக்கறேன் டாக்டர்" என்றான் எழுந்தபடி.

"போட்டுக்கோ. எங்கே போட்டாலும் நாள் தவறக்கூடாது."

"இதை ஹாஸ்டல் குரூப்ல போடுவேன்."

"போடு. உண்மையை மட்டும் போடு."

போட்டான். பெரிய டாக்டர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள், என்னிடம் கேட்டார்கள், நான் சொன்னேன். ஒப்பந்தம் பாதியாகக் குறைந்து வந்தது. நர்ஸை வேலையிலிருந்து எடுக்கவேண்டும் என்றார் பெரிய டாக்டர். அவளை எடுத்தால் இனிமேல் இங்கே எவரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள், அடுத்த முறை கேட்டால் மின்சாரம் போய்விட்டது என்பார்கள் என்று சொன்னேன். அதற்கும் "உன் இஷ்டம்" என்றார்.

அந்த இரண்டு வாரத்துக்கு நடுவே வந்த பையனின் அடுத்த ஊசி நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. மதியம் நானே அவனைக் கூப்பிட்டேன்.

"போட்டாச்சு டாக்டர். ஆனா அங்க என்னைத் திட்டிட்டாங்கோ."

"ஏன்?"

"ஃபிரிட்ஜைத் தொறந்து காட்டச் சொன்னேன். நீ யாருடா கேக்கறதுன்னு நர்ஸம்மா கத்துச்சு."

"காட்டினாங்களா?"

"வரிசைல இருந்த ஆளுங்கெல்லாம் நானும் பாக்கறேன்னு வந்துட்டாங்கோ. அப்புறம் காட்டுனாங்கோ."

"எத்தனை டிகிரி?"

"நாலு" என்றான்.