லேமினேஷன் போட்ட சிலி நோட்டுகள்

என் அக்கா ஆரோக்கியம்மாளின் புருஷன் அந்தோணிராஜுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சிலி, பெரு, பொலிவியா என்று தென்னமெரிக்க நாடுகளில் 1950 வாக்கில் புழங்கிய நோட்டுகளைச் சேர்ப்பது. கொரட்டூரைத் தாண்டி எங்கேயும் போகாத மனிதர். ஆனால் ஒரு நோட்டைக் கையில் எடுத்துவிட்டால் ரயில் போவதுகூடக் காதில் விழாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், காகிதத்தைத் தடவுவார், நிறம், கையெழுத்து, மடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதுவார்.

போன மாதம் அம்பத்தூரில் சேகரிப்பாளர்கள் கண்காட்சி. முதல்முறையாக மாமாவுக்கும் ஒரு மேஜை கொடுத்தார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே அருமையான நோட்டுகளைப் பொறுக்கி எடுத்துவைத்தார்.

முந்தின நாள் சாயங்காலம் அக்கா ஒரு கவரை நீட்டினாள்.

"நாலு பேரு அழுக்குக் கையால தொடுவாங்கல்ல? ஸ்டேஷனாண்ட ஜெராக்ஸ் கடையில லேமினேஷன் போட்டுகினு வந்துட்டேன். இனிமே தண்ணி பட்டாகூட ஒண்ணும் ஆவாது!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக். பிரித்தால் நோட்டும் சேர்ந்து கிழியும். இனி எந்தச் சேகரிப்பாளனும் அதைச் சீந்தமாட்டான். ரேஷன் கார்டா அது? கத்த வாயெடுத்தேன். மாமா என் கையை அழுத்திப் பிடித்தார்.

"நல்லாக்கீது ஆரோக்கியம்," என்றார். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"நாளைக்குப் போவாதீங்க மாமா," என்றேன் தனியாக.

"உங்கக்கா பட்டுப்புடவைய எடுத்து வெச்சிட்டாடா."

மறுநாள் அக்கா மேஜைக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள். கண்காட்சி நடத்திய சம்பத் மட்டும் நின்றார். ஒரு சிலி நோட்டை எடுத்துத் திருப்பினார்.

"இது யாருங்க பண்ணது?"

"நான்தான் சார்," என்றார் மாமா, தலையைக் குனிந்தபடி.

அக்காவுக்கு வந்ததே கோபம். "இன்னா அநியாயம் சார்! வெயில்ல கடையில நின்னவ நானு, பேரு மட்டும் இவருக்கா? நான்தான் சார் போட்டேன்!"

சம்பத் மாமாவைப் பார்த்தார். மாமா கெஞ்சுவதுபோல் அவரைப் பார்த்தார்.

"நீட்டா பண்ணிருக்கீங்கம்மா," என்று நோட்டை வைத்துவிட்டு அவர் போனார்.

அக்காவின் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா? ஊட்ல மீதி கீற நோட்டுக்கும் நாளைக்கே போட்டுர்றேன்."

"சரிம்மா," என்றார் மாமா.